விழுப்புரம் மண்ணும் தேசியச் சாலை வழிகாட்டியும்

இந்தியாவில் ஒரு தார்ச்சாலை எத்தனை மில்லிமீட்டர் தடிமனில் அமைய வேண்டும் என்பதற்கான கணக்கு ஐ.ஆர்.சி. 37 என்ற வழிகாட்டியில் இருக்கிறது. ஜெயகர் குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து 1934 டிசம்பரில் தொடங்கப்பட்ட இந்தியச் சாலைகள் காங்கிரஸ் 1970இல் இதை முதன்முதலாக வெளியிட்டது. 1984, 2001, 2012, 2018 ஆகிய ஆண்டுகளில் திருத்திய பதிப்புகள் வந்தன. ஜெய்சால்மர் மணலுக்கும் அசாம் வண்டலுக்கும் திண்டிவனத்துச் செம்மண்ணுக்கும் புத்தகம் ஒன்றுதான்.

இத்தனை நிலங்களுக்கும் ஒரே புத்தகம் எப்படிப் பொருந்தும்? கணக்கின் வடிவம் பொது. அதில் இடும் எண்கள் ஊருக்கு ஊர் வேறு. சாலைக்கு அடியில் என்ன மண், அது எவ்வளவு ஈரத்தில் இருக்கும், மேலே எத்தனை பார அச்சுகள் ஓடும், தார் எந்த வெப்பத்தில் இளகும் என்ற நான்குக்கும் விடை உள்ளூரில்தான் கிடைக்கும். விடை தேட வசதியில்லாத சிறு வேலைகளுக்கென்று வழிகாட்டியே சில பொது எண்களைத் தந்திருக்கிறது. அவற்றை அப்படியே எடுத்துப் போட்டால் எஸ்டிமேட் சீக்கிரம் முடிந்துவிடும்; சாலைதான் வேறு ஏதோ ஒரு மாவட்டத்துக்குப் பொருத்தமாக அமையும்.

விழுப்புரம் மாவட்டத்தில் இந்த நான்கில் முதலிடம் ஈரத்துக்கு. இங்கே சாலைகள் கெடுவதற்கு வெயிலைக் குறை சொல்வது வழக்கம். ஆனால் மண்ணில் தேங்கும் நீரைக் கவனித்து வடிவமைத்தால் மற்ற மூன்றையும் சமாளிப்பது எளிது.

வட்டாரக் காரணி

பொதுக் கணக்கை ஊருக்கேற்ப மாற்றும் சிக்கல் இந்தியாவில் பிறந்ததல்ல. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒட்டாவா என்ற ஊருக்கு அருகே ஆஷோ சாலைச் சோதனை நடந்தது. வெவ்வேறு தடிமனில் சாலைத் துண்டுகளைப் போட்டு, எடை ஏற்றிய லாரிகளை அவற்றின்மேல் ஓடவிட்டு, எது எப்போது உடைகிறது என்று குறித்தார்கள். உலகின் பெரும்பாலான சாலை வடிவமைப்பு முறைகள் அந்தச் சோதனையின் வாரிசுகள். சிக்கல் என்னவென்றால், அது ஒரே மண்ணில், ஒரே பருவநிலையில் நடந்தது. குளிர்காலத்தில் உறைந்து வசந்தத்தில் இளகும் இல்லினாய் மண்ணின் முடிவை அரிசோனா பாலைக்கு எப்படிப் பொருத்துவது? அமெரிக்கர்கள் 'வட்டாரக் காரணி' என்ற ஒற்றை எண்ணைக் கொண்டுவந்தார்கள். அந்தந்த மாநிலப் பொறியாளரின் அனுபவ மதிப்பீடுதான் அந்த எண். அமெரிக்க வழிகாட்டியின் 1986 பதிப்பில் அது நீக்கப்பட்டு, பருவந்தோறும் மாறும் மண்ணின் விறைப்பும் வடிகால் தரமும் அதன் இடத்துக்கு வந்தன. ஊரின் இயல்பை ஊகிப்பதை விட்டு அளப்பதற்கு மாறினார்கள் என்று இதைச் சுருக்கலாம்.

ஆஸ்திரேலியா வேறு வழியில் போனது. அங்கே நாடு முழுமைக்கும் ஒரு வழிகாட்டி உண்டு. குயின்ஸ்லாந்து போன்ற மாநிலங்கள் அதன்மேல் தங்கள் துணைநூலை வெளியிடுகின்றன. தேசிய நூலில் எந்தப் பகுதி தங்கள் மாநிலத்துக்கு அப்படியே செல்லும், எது மாறும் என்பது அதில் இருக்கும். பிரிட்டன் வெப்பநாடுகளுக்கென்றே 1962இல் ரோடு நோட் 31 என்ற கையேட்டை வெளியிட்டது.

இந்தியாவின் வழிகாட்டி 1970இல் தொடங்கியபோது மண்ணின் வலிமையையும் நாளொன்றுக்கு ஓடும் கனரக வண்டிகளின் எண்ணிக்கையையும் மட்டும் பார்த்தது. 2001 பதிப்பில்தான் இந்தியச் சாலைகளில் நடந்த ஆய்வுத் திட்டங்களின் தரவு கணக்குக்குள் வந்தது. தார் அடுக்கின் அடிப்புறம் எவ்வளவு இழுபடுகிறது, அடிமண்ணின் மேற்புறம் எவ்வளவு நசுங்குகிறது என்ற இரண்டு அளவுகளிலிருந்து சாலையின் ஆயுளைக் கணிக்கும் முறை அது. இந்தக் கணிப்புக்கு இன்று பயன்படும் ஐ.ஐ.டி.பேவ் என்ற மென்பொருள் 2012 பதிப்போடு வந்தது. மென்பொருள் கேட்கும் எண்களை மாவட்டத்தில்தான் தேட வேண்டும்.

நாற்பது கிலோமீட்டரில் ஐந்து மண்

திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு ஏறத்தாழ 40 கி.மீ. இந்தத் தொலைவைச் சுற்றியுள்ள நிலம் வேகமாக மாறுகிறது. மேற்கே செஞ்சிக் குன்றுகள். அவற்றின் சரிவில் பாறையும் சரளையும். திண்டிவனத்தைச் சுற்றி மல்லாட்டை (நிலக்கடலை) விளையும் மணற்பாங்கான செம்மண். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இங்கே அமைந்ததற்கு அந்த மண்ணே காரணம். கிழக்கே வானூர், திருவக்கரைப் பக்கம் கல்மரங்கள் புதைந்த கடலூர் மணற்கல் படிவமும் அதன்மேல் சிவந்த கிராவலும். கடலை நெருங்கினால் மரக்காணம் உப்பளங்களும் கழுவேலிச் சதுப்பும், அங்கே உவர்க் களி. தெற்கே தென்பெண்ணை கொண்டுவந்து போட்ட வண்டல். இவற்றுக்கு நடுவே ஏரிகளும் அவற்றின் ஆயக்கட்டு நஞ்சையும். நஞ்சையில் பல இடங்களில் கருங்களி.

சாலைத் தளத்துக்கு அடியில் இறுக்கிப் போடும் மண்ணின் மேல் 500 மி.மீ. பகுதியைப் பொறியாளர்கள் சப்கிரேடு என்பார்கள். அதன் வலிமையை அளப்பது சி.பி.ஆர். சோதனை. கலிபோர்னியாவின் நெடுஞ்சாலைத் துறையில் 1920களின் இறுதியில் உருவான எளிய சோதனை அது. 150 மி.மீ. விட்டமுள்ள இரும்பு அச்சில் மண்ணை அடுக்கடுக்காக இடித்து நிரப்ப வேண்டும். மேலே எடை வைத்து, நான்கு நாள், அதாவது 96 மணி நேரம் தண்ணீரில் மூழ்க வைக்க வேண்டும். பிறகு எடுத்து நீரை வடியவிட்டு, 50 மி.மீ. விட்டமுள்ள உலக்கை ஒன்றை நிமிடத்துக்கு 1.25 மி.மீ. வேகத்தில் மண்ணுக்குள் அழுத்த வேண்டும். உலக்கை 2.5 மி.மீ. இறங்க, நன்கு நொறுக்கிய கருங்கல் ஜல்லியில் 1,370 கிலோ விசை தேவை. சோதிக்கும் மண்ணுக்கு 137 கிலோ போதுமென்றால் அதன் சி.பி.ஆர். 10. 41 கிலோவிலேயே இறங்கிவிட்டால் சி.பி.ஆர். 3. ஊறிய கருங்களியில் ஒரு பத்து வயதுப் பையனின் எடைக்கே உலக்கை உள்ளே போய்விடும் என்று கொள்ளலாம்.

ஊரகச் சாலைகளுக்கான ஐ.ஆர்.சி. எஸ்.பி. 72 கையேடு, சோதனை செய்ய இயலாதபோது பயன்படுத்தத் தோராய எண்களைத் தருகிறது. மிகுந்த பசைத்தன்மையுள்ள களிக்கு 2 முதல் 3, மணற்களிக்கு 4 முதல் 5, களி கலந்த மணலுக்கு 6 முதல் 10. இந்த வேறுபாடு சாலையில் எப்படித் தெரியும்? 2001 பதிப்பின் அட்டவணையில், ஒரு கோடி திட்ட அச்சுகள் (8.16 டன் பாரமுள்ள அச்சுகள்) ஓட வேண்டிய சாலைக்கு சி.பி.ஆர். 10 என்றால் மொத்தத் தடிமன் 540 மி.மீ.; 5 என்றால் 660; 3 என்றால் 760. செம்மண்ணிலிருந்து களிக்கு இறங்கும்போது 220 மி.மீ. கூடுகிறது. ஏழு மீட்டர் அகலச் சாலையில் கிலோமீட்டருக்கு 1,500 கன மீட்டருக்கு மேல் கூடுதல் கல்.

தேசிய வழிகாட்டியை இந்த மாவட்டத்தில் கையாளும்போது எளிதில் நேரும் பிழை இங்கேதான் இருக்கிறது. ஒரே பாதையில் பல மாதிரிகள் எடுத்தால் எந்த எண்ணை வடிவமைப்புக்கு வைப்பது? போக்குவரத்து மிகுந்த சாலையில் 90 விழுக்காடு மாதிரிகளாவது எட்டும் எண்ணை எடு, மற்றவற்றில் 80 விழுக்காடு போதும் என்கிறது ஐ.ஆர்.சி. 37. ஒரே வகை மண்ணுக்கு இது சரியான விதி. எடுத்துக்காட்டாக, ஓர் ஊரகச் சாலையில் பத்து மாதிரிகள். எட்டு செம்மண், சி.பி.ஆர். 8 முதல் 10 வரை. இரண்டு ஏரிக்குக் கீழே எடுத்த களி, சி.பி.ஆர். 3. 80 விழுக்காட்டு விதிப்படி வடிவமைப்பு எண் 8. விதி மீறப்படவில்லை, கோப்பும் சரியாக இருக்கும். ஏரிக்குக் கீழே போகும் அந்த ஐந்தில் ஒரு பங்குச் சாலை மட்டும் இரண்டு மழைக்காலத்தில் உட்காரும். பாதையை முதலில் மண் வகைப்படி துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்குள்ளும் விழுக்காட்டு விதியைப் பயன்படுத்துவதே இங்கு பொருந்தும். வழிகாட்டியும் சீரான பகுதிகளாகப் பிரிக்கத்தான் சொல்கிறது. ஆனால் எங்கே பிரிப்பது என்பது நிலத்தைப் பார்த்தவருக்கே தெரியும். ஏரிக்கரை, மதகு, வாய்க்கால் குறித்த கிராம வரைபடம் ஒன்று பல மண் சோதனைகளுக்குச் சமம்.

களியென்று தெரிந்தபின் இன்னொரு கேள்வி, அது ஈரத்தில் வீங்குமா என்பது. பத்து பத்து கிராம் மண்ணை இரண்டு கண்ணாடிக் குழாய்களில் போட்டு, ஒன்றில் தண்ணீரும் மற்றதில் மண்ணெண்ணெயும் ஊற்றி ஒரு நாள் விட்டுவைத்தால் போதும். மண்ணெண்ணெயில் மண் வீங்காது. தண்ணீரில் வீங்கியது எவ்வளவு கூடுதல் என்று பார்த்துவிடலாம். வேறுபாடு 50 விழுக்காட்டைத் தாண்டினால் அந்த மண்ணைச் சாலைக்கரைக்கு எடுக்கக் கூடாது. அத்தகைய நிலத்தின்மேல் சாலை போயே தீர வேண்டுமென்றால் 0.6 முதல் 1 மீட்டர் தடிமனுக்கு வீங்காத மண்ணை இடையில் பரப்ப வேண்டும், அல்லது சுண்ணாம்பு கலந்து களியின் குணத்தை மாற்ற வேண்டும்.

ஏரியைத் தூர்வாரி அந்த மண்ணைச் சாலைக்கு எடுப்பது ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று தோன்றும். மேலே படிந்த வண்டல் வயலுக்கு உரம். சப்கிரேடுக்கு அது கேடு. வண்டலை உழவருக்கு விட்டுவிட்டு, அதன் அடியிலுள்ள கெட்டியான செம்மண்ணோ கிராவலோ கிடைத்தால் மட்டும் சாலைக்கு எடுக்கலாம்.

திருவக்கரைப் பக்கத்துக் கிராவலுக்கு வேறு சிக்கல். தேசிய விவரக்குறிப்பின்படி அடித்தள அடுக்கின் நுண்மண்ணில் பசைத்தன்மை எண் 6க்கு மேல் போகக் கூடாது. சிவந்த கிராவல் பல இடங்களில் அந்த வரம்பைத் தாண்டும். நாளுக்குச் சில வண்டிகள் ஓடும் கிராமச் சாலைக்காக அதை அடியோடு ஒதுக்கிவிட்டு, தொலைவிலிருந்து ஜல்லி கொண்டுவருவது வீண் செலவு. கிராவலோடு மணலோ சிறிதளவு சிமெண்டோ சுண்ணாம்போ கலந்து எடுத்துக்கொள்ள ஊரகக் கையேடு இடம் தருகிறது.

ஆயிரம் மில்லிமீட்டர் கோடு

மண்ணை நான்கு நாள் ஊறவைத்துச் சோதிப்பது அளவுக்கு மீறிய எச்சரிக்கையா? 2012 பதிப்பு இதற்கு ஒரு விலக்கு தந்தது. ஆண்டு மழை 1,000 மி.மீ.க்குக் குறைவான பகுதிகளில், தடித்த தார் அடுக்கால் நன்கு மூடப்பட்ட சப்கிரேடுக்கு நான்கு நாள் ஊறல் மிகக் கடுமையானது என்று அது சொன்னது. ஏற்கெனவே ஓடும் சாலைகளின் அடியில் பருவந்தோறும் ஈரத்தை அளந்த தரவு இருந்தால் அந்த ஈரத்திலேயே மண்ணைச் சோதிக்கலாம் என்றும் சேர்த்துக்கொண்டது. வட்டாரத்துக்கேற்ப மாற்றிக்கொள்ளத் தேசிய வழிகாட்டி வெளிப்படையாகத் திறந்துவைத்த கதவு இது.

விழுப்புரத்தின் சராசரி ஆண்டு மழை 1,000 மி.மீ.க்குச் சற்று மேல். கோட்டின் மேலேயே நிற்கும் மாவட்டம் என்பதால் எந்தப் பக்கமும் வாதாடலாம். வாதாடுவோர் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். ஆண்டு முழுக்கப் பரவிப் பெய்யும் 1,000 மி.மீ. வேறு, அதில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில் கொட்டுவது வேறு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது, திண்டிவனத்துக்குத் தெற்கே மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை பெய்தது. ஆண்டு சராசரியில் பாதி. அடுத்த நாட்களில் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் அரசூர் அருகே வெள்ளம் சாலைமேல் ஓடிப் போக்குவரத்து நின்றது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே ரயில்பாலத்தை வெள்ளம் தொட்டதால் ரயில்களும் நின்றன.

புயல் எப்போதாவது வரும். ஏரி ஆண்டுதோறும் நிரம்பும். மழை நின்ற பிறகும் பாசனத்துக்காக மாதக்கணக்கில் நீர் நிற்கும். கரையின் அடியில் கசிந்து கீழேயுள்ள சாலையின் சப்கிரேடை ஊறவைத்துக்கொண்டே இருக்கும். மழைமானியில் பதிவாகாத ஈரம் இது. அந்தச் சாலைக்கு நான்கு நாள் ஊறல் கடுமையானது என்று சொல்வதற்கில்லை. உண்மையில் அது நூறு நாள் ஊறலாம். மேட்டுப்பாங்கான திண்டிவனம் செம்மண்ணில், ஏரியும் வாய்க்காலும் இல்லாத இடத்தில், விலக்கைப் பயன்படுத்தலாம். மழைக் கணக்கை விட்டுவிட்டு நீர்மட்டத்தின் ஆழத்தைப் பார்த்து முடிவெடுப்பது இந்த மாவட்டத்துக்கு ஏற்றது.

சப்கிரேடின் அடிமட்டம், உயர்ந்த வெள்ள மட்டத்துக்கும் நீர்மட்டத்துக்கும் மேலே 0.6 முதல் 1 மீட்டராவது இருக்க வேண்டும் என்பது பொது விதி. நஞ்சைக்கு நடுவே அந்த உயரத்துக்குக் கரை எழுப்பினால் அது வெள்ளத்தின் குறுக்கே அணையாகிவிடும். அதனால் ஆற்றோரத் தாழ்நிலங்களில் சாலையை உயர்த்தாமல், வெள்ளம் மேலேறிப் போகவிட்டு, அந்தத் துண்டை மட்டும் சிமெண்ட் கான்கிரீட்டில் போடுவது உண்டு; தரைப்பாலங்களில் நெடுநாளாக உள்ள வழக்கம். கான்கிரீட் பலகை தன் விறைப்பால் பாரத்தைப் பரப்பிவிடுவதால் அடிமண் ஊறினாலும் தாக்குப்பிடிக்கும்.

வடிகால் பற்றி வழிகாட்டிகளில் நிறைய எழுதியிருக்கிறது. களத்தில் அதுவே முதலில் கைவிடப்படுகிறது. ஜி.எஸ்.பி. எனப்படும் கீழ் அடுக்குக்கு இரண்டு வேலை: பாரம் தாங்குவது ஒன்று, உள்ளே இறங்கிய நீரை ஓரத்துக்கு வடிப்பது இன்னொன்று. அந்த அடுக்கு பெர்ம் எனப்படும் சாலையோர மண்பட்டைக்கு அடியிலும் நீண்டு, கரைச்சரிவில் வெளியே தெரிய வேண்டும். தார் ஓரத்தோடு அதை நிறுத்திவிட்டுப் பெர்மில் களிமண்ணை நிரப்பினால், ஜல்லி அடுக்கு நீர் தேங்கும் தொட்டியாகிவிடும். சாலையின் நடு நன்றாக இருக்க இரு ஓரமும் நொறுங்கியிருந்தால் பெரும்பாலும் இதுதான் காரணம்.

ஊருக்குள் வந்தால் இன்னொரு மாற்றம் தேவைப்படுகிறது. பழைய தார்மேல் புதுத் தார் போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்து, வீட்டு வாசல்கள் பள்ளமாகி, மழைநீர் வீட்டுக்குள் இறங்குவது தமிழ்நாட்டுக்குப் பழகிய காட்சி. மேலடுக்கின் தடிமனைக் கணக்கிடும் முறை தேசிய வழிகாட்டியில் இருக்கிறது. வாசற்படியின் உயரம் அதில் இல்லை. 2021 மே மாதத்தில் அன்றைய தலைமைச் செயலர் வெ. இறையன்பு, பழைய அடுக்கைச் சுரண்டி எடுத்த பிறகே புதியதைப் போட வேண்டும் என்று அதிகாரிகளுக்கு உத்தரவிட்டார். ஒரு மாநிலம் தன் தெருக்களைப் பார்த்துச் சேர்த்துக்கொண்ட துணைவிதி என்று இதைச் சொல்லலாம்.

அச்சுகளின் கணக்கு

சாலையைக் கெடுப்பது வண்டிகளின் எண்ணிக்கையைவிட அச்சின் எடை. திட்ட அச்சு என்பது 8.16 டன். அச்சுப் பாரம் இரு மடங்கானால் சேதம் ஏறத்தாழ பதினாறு மடங்காகும் என்பது ஆஷோ சோதனையின் முடிவு. காரும் இருசக்கர வண்டியும் அதனால் கணக்கிலேயே வருவதில்லை.

2018இல் மத்திய அரசு லாரியின் நான்கு சக்கர ஒற்றை அச்சுக்கான உச்சவரம்பை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தியது. எடையில் 13 விழுக்காடு கூடுதல். நான்காம் அடுக்கு விதிப்படி சேதத்தில் 60 விழுக்காட்டுக்கு மேல். சட்டப்படி ஓடும் 11.5 டன் அச்சு ஒன்று கிட்டத்தட்ட நான்கு திட்ட அச்சுகளுக்குச் சமம்.

வண்டி ஒன்றின் சராசரிச் சேதத்தைக் குறிக்கும் எண்ணைச் சேதக் காரணி என்பார்கள். அளக்காதபோது சமவெளியில், நாளுக்கு 1,500 கனரக வண்டிகளுக்கு மேல் ஓடும் சாலைக்கு 5.0 என்று 2018 பதிப்பு தருகிறது. 150 முதல் 1,500 வரை என்றால் 3.9. நான்கு வழிச் சாலையில் ஒரு திசையில் நாளுக்கு 3,000 கனரக வண்டிகள், ஆண்டுக்கு 5 விழுக்காடு வளர்ச்சி, 20 ஆண்டு ஆயுள் என்று வைத்து 5.0இல் கணக்கிட்டால் சுமார் 13.6 கோடி திட்ட அச்சுகள் வரும், 3.9 என்றால் 10.6 கோடி. ஒற்றை எண்ணில் மூன்று கோடி அச்சு வித்தியாசம்.

இங்கே இரண்டு திசைக்கும் ஒரே எண் பொருந்தாது. வானூர், திருவக்கரை வட்டாரக் கல்குவாரிகளிலிருந்து ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய டிப்பர்கள் ஒரு பக்கம் பாரத்தோடு போய் மறுபக்கம் வெறுமையாகத் திரும்புகின்றன. வெறும் டிப்பரின் சேதம் மிகச் சொற்பம். இருதிசைச் சராசரி எடுத்தால் பாரம் போகும் பக்கம் மெலிந்துபோகும். நடுத்திட்டு உள்ள சாலையில் ஒவ்வொரு பக்கத்தையும் தனியே கணக்கிட வழிகாட்டி அனுமதிக்கிறது. அச்சு எடைக் கணக்கெடுப்பைத் திசைவாரியாக எடுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கிராமச் சாலைகளின் கதை கரும்பு. முண்டியம்பாக்கத்திலும் பெரியசெவலையிலும் சர்க்கரை ஆலைகள் உள்ளன. அரவைப் பருவத்தில் மட்டும், ஆண்டின் மற்ற மாதங்களில் பேருந்தும் பால் வண்டியும் ஓடும் சாலையில், கரும்பு ஏற்றிய லாரிகளும் டிராக்டர் டிரெய்லர்களும் வரிசையாகப் போகும். எஸ்.பி. 72 கையேட்டில் அறுவடைக்காலப் போக்குவரத்தைத் தனியே சேர்க்க ஒரு வாய்பாடு இருக்கிறது. மற்ற நாட்களைப்போல எத்தனை மடங்கு, எத்தனை நாள் என்று கேட்கிறது. இந்த மாவட்டத்தில் அதற்கும் மேலே ஒன்றைப் பார்க்க வேண்டும். வடகிழக்குப் பருவம் ஓய்ந்து மண் முழுதாக ஊறியிருக்கும் நேரத்திலேயே கரும்பு வண்டிகளும் இறங்குகின்றன. மிகுந்த பாரமும் மிகக் குறைந்த வலிமையும் ஒரே மாதங்களில் சந்திக்கின்றன. மழை ஜூனில் தொடங்கி செப்டம்பரில் ஓயும் வடமாநிலங்களில் அறுவடைக்குள் மண் ஓரளவு காய்ந்திருக்கும். இங்கே ஆலைக்குப் போகும் சாலைகளை ஊறிய சி.பி.ஆர். எண்ணில்தான் வடிவமைக்க வேண்டும். விலக்கு எதுவும் கூடாது.

வெயில், தார், கல்

தார் அடுக்கின் விறைப்பை 35 டிகிரி சராசரித் தள வெப்பத்துக்கு எடுத்துக்கொள்கிறது வழிகாட்டி. விஜி-40 வகைத் தாரில் செய்த கலவையின் விறைப்பு அந்த வெப்பத்தில் 3,000 மெகாபாஸ்கல். 40 டிகிரியில் 2,000. 20 டிகிரியில் 6,000. ஐந்து டிகிரி ஏற்றத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. தார் வகையைத் தேர்ந்தெடுக்கும் தரநிலை ஐ.எஸ். 73, கோடையின் ஏழுநாள் சராசரி உச்ச வெப்பம் 38 முதல் 45 டிகிரிக்குள் இருந்தால் விஜி-30 போதும் என்கிறது. விழுப்புரம் கோடை அந்த வரம்புக்குள்தான். ஆனால் சென்னை–திருச்சி சாலையைப் போன்ற பாரமிகுந்த தடத்தில் ஐ.ஆர்.சி. 37 விஜி-40 வகையையே கேட்கிறது. இரண்டும் முரணல்ல: கிராமச் சாலைக்கு வெயில் முடிவு செய்கிறது, நெடுஞ்சாலைக்கு லாரி முடிவு செய்கிறது. சுங்கச்சாவடி வாயிலில், வண்டிகள் ஊர்ந்து நிற்கும் இடத்தில், தார் நெளிந்து பள்ளம் விழுவதால் அங்கே கான்கிரீட் போடுவது நல்லது.

கல்லிலும் உள்ளூர்க் குணம் உண்டு. வடதமிழகத்தின் ஜல்லியில் பெரும்பகுதி கிரானைட், சார்னோகைட் குடும்பம்.  இந்தக் கற்கள் உறுதியானவை, எளிதில் உடையாதவை. ஆனால் சிலிக்கா மிகுந்த கல் தாரைவிட நீரையே விரும்பிப் பற்றும். தார் பூசிய ஜல்லியை நீரில் ஊறவைத்துப் பார்க்கும் சோதனையில் 95 விழுக்காடு பூச்சாவது நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பொறியாளர்கள் சுண்ணாம்புத் தூளையோ தாரைப் பிடித்துவைக்கும் வேதிப்பொருளையோ சேர்க்கிறார்கள். நீர் தேங்கும் மாவட்டத்தில் இந்தச் சோதனையைத் தவிர்ப்பது ஆபத்து. மழைக்குப் பின் சாலையில் ஜல்லி தனித்தனியாகக் கழன்று கிடப்பது, தார் குறைவாக ஊற்றியதால் மட்டும் அல்ல.

எந்த மாதத்தில் அளப்பது

போட்ட சாலை எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று அறிய, எடை ஏற்றிய லாரியின் இரட்டைச் சக்கரத்துக்கு நடுவே நீண்ட கோல் ஒன்றின் முனையை வைத்து, வண்டி நகரும்போது தளம் எத்தனை மில்லிமீட்டர் எழுகிறது என்று பார்ப்பது பழைய முறை. அமெரிக்கப் பொறியாளர் பெங்கல்மேன் 1950களில் உருவாக்கிய கருவி அது. அதற்கான இந்திய வழிகாட்டி ஐ.ஆர்.சி. 81. இப்போது எடையைத் தொப்பென்று விழவிட்டு அதிர்வை அளக்கும் கருவிக்கு 2014இல் வந்த ஐ.ஆர்.சி. 115 இருக்கிறது. எதில் அளந்தாலும், மண் மிகத் தளர்ந்திருக்கும் நேரத்தில், அதாவது பருவமழை முடிந்த கையோடு அளப்பதே சரி. வேறு மாதத்தில் அளந்தால் ஈரத்துக்கான திருத்தம் செய்ய வேண்டும். ஐ.ஆர்.சி. 81இன் திருத்த வரைபடங்கள் ஆண்டு மழை 1,300 மி.மீ.க்கு மேலா கீழா என்று மட்டுமே பிரிக்கின்றன; ஏரிக் கசிவுக்கு அவற்றில் இடமில்லை. ஆகவே திருத்தத்தை நம்புவதைவிட உரிய நேரத்தில் அளப்பதே மேல்.

நாட்டின் பெரும்பகுதியில் பருவமழை செப்டம்பரோடு ஓய்கிறது. அங்கே அக்டோபரில் அளந்தால் பொருந்தும். அதே அட்டவணையைப் பின்பற்றி அக்டோபர் முதல் வாரத்தில் திண்டிவனம் சாலையை அளந்தால், கோடையின் வறட்சி முழுதாக நீங்காத கெட்டி மண்ணே அகப்படும். சாலை இருப்பதைவிட வலிமையாகத் தெரியும். போட வேண்டிய மேலடுக்கு மெலியும். விழுப்புரம் மாவட்டத்தில் இந்த அளவீட்டுக்கு உரிய மாதம் ஜனவரி.